ஒரு காசு ஆழம்

எண்பது கிலோ தரை பாலிஷ் மெஷினை நாலாவது மாடிக்கு ஏற்ற வேண்டும். லிஃப்டில் ஏற்றக் கூடாது. லிஃப்டுக்குள் கண்ணாடி பதித்திருக்கிறார்கள், கீறல் விழுந்துவிடும் என்று காவலாளி தடுத்துவிட்டான். பாலிஷ்காரரும் அவர் மனைவியும் மெஷினைத் தலை வேறு, கைப்பிடி வேறு, மோட்டார் வேறு என்று மூன்றாகக் கழற்றிப் படியேறினார்கள். மோட்டார் அவர் பங்கு. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவருடைய வலது முழங்கால், இனி என்னால் ஆகாது என்று கையை விரித்துவிட்டது.

"கொஞ்சம் உக்காருங்க," என்றாள் மனைவி. "அந்த முட்டிகிட்டப் போயி வீம்பு பண்ணாதீங்க."

"உக்காந்தா எழுப்பறது யாரு?"

"நான் ஒரு கை, கடவுள் ஒரு கை."

"கடவுள லிஃப்ட்ல வரச் சொல்லு. அவரையாவது விடறாங்களான்னு பாப்போம்."

சிரித்துக்கொண்டே அவள் கைப்பிடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவருக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். அந்த முட்டியால் மூன்று மாதம் வீட்டில் முடங்கிக் கிடந்த மனிதர். வழக்கமாக வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் எல்லாம் அதற்குள் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள். இப்போது கிடைத்திருக்கிற இந்த ஒரு வீட்டு வேலை நன்றாக அமைந்துவிட்டால், கட்டடத்தில் இருக்கும் நாற்பது வீட்டுத் தரையும் உங்களுக்கே என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். சொன்னவர் சும்மா ஆள் இல்லை, கட்டடச் சங்கத்தின் செயலாளர். லிஃப்டு விதியை எழுதியவரும் அவர்தான் என்பது காவலாளி சொல்லித் தெரிந்தது.

கதவைத் திறந்தவள் அறுபதைத் தாண்டிய ஒரு பெண், அந்த வீட்டுச் சமையல்காரி. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள், கையில் ஈரம். "வாங்க. சின்னவரு போன்ல இருக்காரு, வந்துடுவாரு," என்றாள். வீட்டுக்காரருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆனாலும் அவளுக்கு அவர் சின்னவர். அவருடைய அம்மா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கூடத்தில் சாமான்கள் எல்லாம் போய்விட்டிருந்தன, படம் மாட்டியிருந்த இடங்களில் மட்டும் சுவர் சதுரம் சதுரமாக வெளுத்திருந்தது. வீட்டை விற்கப் போகிறார்கள் என்பதற்கு வேறு பலகை வேண்டியதில்லை.

மெஷினைப் பூட்டி முடிப்பதற்குள் அவள் தட்டில் இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்தாள். விளிம்புவரை ஊற்றியிருந்தாள். தட்டையும் பார்க்கவில்லை, தரையையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தபடி வந்தாள். சமையலறை வாசலைத் தாண்டியதும் அவளுடைய வலது கால் துளி கீழே இறங்கி, அடுத்த எட்டில் மேலே ஏறியது. டீ அசையவில்லை. பாலிஷ்காரர் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்க மறந்து, அவள் திரும்பிப் போகும்போது அந்தக் கால்களையே பார்த்தார்.

"என்னங்க, அவங்க கால்ல என்ன எழுதியிருக்கு?" என்றாள் மனைவி.

"இரு. காட்டறேன்."

சின்னவர் வந்தார். மெல்லிய குரல், மரியாதையான மனிதர். வேலைக்காரர்களையும் நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். பாலிஷ்காரர் சுவரில் சாய்த்திருந்த, மட்டம் பார்க்கும் ஆறடி அலுமினியப் பட்டையை எடுத்தார். வேலை தொடங்குவதற்கு முன்னால் வீட்டுக்காரருக்குத் தரையைப் படித்துக் காட்டுவது அவர் வழக்கம். அதில் அவருக்கு ஒரு தனிப் பெருமை. பாதி வேலை அந்தப் பேச்சிலேயே கைக்கு வந்துவிடும்.

"ஜோசியர் ஆரம்பிச்சுட்டாரு," என்று மனைவி முணுமுணுத்தாள்.

சமையலறை வாசலுக்கு முன்னால் பட்டையைக் குறுக்கே வைத்தார். பட்டைக்குக் கீழே வெளிச்சம் ஒரு கீற்றாக ஓடியது. சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து அந்த இடைவெளியில் நுழைத்தார். நாணயம் தடையில்லாமல் உள்ளே போனது.

"பாத்தீங்களா சார், ஒரு காசு ஆழம். இங்கேருந்து அந்தப் படுக்கை ரூம் வரைக்கும் இப்படியே போகுது. இதுல நடந்தது ஒரே ஆளு. வெறுங்காலு. ஷூ போட்டு நடந்தா குதிகால் விழற எடத்துல மட்டும் கல்லு தேயும், வெறுங்காலு கிண்ணம் மாதிரி தேய்க்கும். வலது கால்ல அழுத்தம் ஜாஸ்தி, கைல எப்பவும் ஏதோ ஒரு பாரம். போகவும் வரவும், ஒரு நாளைக்கு நூறு தடவைக்குக் குறையாது. முப்பது வருஷம் சார். ஒண்ணு ரெண்டு அப்படி இப்படி இருக்கலாம்."

படுக்கையறைக்குப் போனார்கள். கட்டில் எடுக்கப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் நான்கு சின்னக் குழிகள் இருந்தன, சுண்டு விரல் நுனி அளவு. பாலிஷ்காரர் அவற்றின் மேல் விரலை வைத்தார்.

"இது ஸ்டூல் காலு. கட்டில் பக்கத்துல ஸ்டூலப் போட்டு, ஒருத்தங்க வருஷக்கணக்கா உக்காந்திருக்காங்க. படுத்திருந்தவங்களுக்குப் பக்கத்துலயே."

"தரையப் பாத்தே இவ்வளவு சொல்றீங்களே," என்றார் சின்னவர். அதுவரை கையில் இருந்த போனைப் பைக்குள் போட்டார்.

"ஆளு மாத்திச் சொல்லலாம். தரை மாத்திச் சொல்லாது சார்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தபோதுதான் வாசலில் சமையல்கார அக்கா காலித் தட்டுடன் நிற்பதைப் பார்த்தார். எப்போதிலிருந்து நின்றாளோ. அவள் தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அவை புதிதாக யாரோ கொண்டுவந்து வைத்தவை போல.

"இதெல்லாம் போயிடுமா?" என்று கேட்டார் சின்னவர்.

"பள்ளத்த எடுக்க முடியாது சார். சுத்தி இருக்கற கல்லையெல்லாம் அந்தப் பள்ளத்து அளவுக்கு இறக்கணும். இந்தப் பக்கத்துக்கு மட்டும் அரை நாளுக்கு மேல ஆகும். அப்புறம் சுவடு இருக்காது."

அன்று மத்தியானமே அவர் மனைவி குழிகளை அடைத்தாள். மூலை தேய்ப்பதும் ஓட்டை அடைப்பதும் அவள் வேலை. பிசினில் அதே கல்லின் தூளைக் குழைத்து, பழுப்பு துளி, சாம்பல் துளி என்று சேர்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி துளி சேர்த்து, ஊசி முனையால் கல்லின் ரேகையைக்கூடத் தொடர்ந்து இழுத்துவிட்டாள். வழக்கம்போல வேலைக்கு முன்னால் தரையைப் போனில் ஒரு படமும் எடுத்து வைத்திருந்தாள். அவள் அடைத்த இடத்தை அவளாலேயே மறுநாள் கண்டுபிடிக்க முடியாது என்று பாலிஷ்காரர் ஊரெல்லாம் சொல்லுவார். அது உண்மைதான்.

செவ்வாய்க்கிழமை கூடத்தின் ஜன்னல் பக்கத்தில் மெஷினில் முரட்டுத் தேய்ப்புத் தட்டைப் பூட்டி ஓட்டினார்கள். தண்ணீரும் கல்தூளும் கலந்து பால் போலச் சேறு ஓடியது. அவர் ஓட்ட ஓட்ட அவள் வைப்பரால் தள்ளி வாளியில் அள்ளினாள். மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டு சமையலறை ஓரமாக உட்கார்ந்தபோது அக்காவும் வந்து எதிரில் உட்கார்ந்தாள். சின்னவர் வெளியே போயிருந்தார்.

"தம்பி, நேத்து நீங்க முப்பது வருஷம்னு சொன்னீங்களே. அது எப்படித் தெரியும்? யாராவது சொன்னாங்களா?"

"யாரு சொல்லணும்? கல்லு சொல்லுச்சு."

"இருபத்தொம்பது," என்றாள் அவள். "சின்னவரு ஸ்கூல்ல படிக்கறப்ப வந்தேன். இந்த வீட்லயே படுத்து, இந்த வீட்லயே எழுந்து. அம்மா படுக்கையில விழுந்தப்புறம் ஏழு வருஷம் அந்த ஸ்டூல்லதான்."

"இனிமே எங்கக்கா போவீங்க?" என்று கேட்டாள் பாலிஷ்காரரின் மனைவி.

அக்கா முட்டியைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாதக் கடைசிவரை இருக்கச் சொல்லியிருக்கிறார் சின்னவர். அதற்குப் பிறகு வீடு கைமாறுகிறது. போக இடம் இல்லை. வீட்டு வேலைக்காரர்கள் வாரியத்தில் ஒரு இல்லம் இருக்கிறது, ஒரு கட்டில், ஒரு அலமாரி, மூன்று வேளைச் சாப்பாடு, கடைசிவரை. ஆனால் ஒரே வீட்டில் இருபது வருஷமாவது தங்கி வேலை செய்திருக்க வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும்.

"போட வேண்டியதுதானே," என்றார் பாலிஷ்காரர்.

"போட்டாரு. அம்மா படுத்த கடைசி அஞ்சு வருஷம் மட்டும்தான், அதுவும் பகல்ல வந்து போனேன்னு போட்டாரு."

"அடப்பாவி."

"அப்படிச் சொல்லாதீங்க. இருபத்தொம்பதுன்னு போட்டா, இத்தனை வருஷம் ஏன் வாரியத்துல பதியலன்னு அவர் மேல கேஸ் வருமாம். சொல்றப்ப அவருக்கே கண்ணு கலங்கிடுச்சு." அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் மாறிட்டாங்க. இருக்கறவங்க செயலாளர்கிட்ட எதுக்கு வம்புன்னு வாயத் தெறக்க மாட்டேங்கறாங்க. நான் வாரிய ஆபீஸ்ல போயி அழுதேன். அங்க இருக்கற மேடம் வியாழக்கிழமை வந்து பாக்கறேன்னாங்க. நீங்க பொழங்கினதுக்கு அடையாளமா வீட்ல ஏதாவது இருக்கான்னு கேட்டாங்க. என்ன இருக்கு? நான் படுத்த ரூமுக்குப் பெயின்ட் அடிச்சாச்சு. என் கட்டில யாருக்கோ குடுத்தாச்சு. நேத்து நீங்க சொன்னப்பதான் எனக்கே தெரிஞ்சுது, இங்க ஒண்ணு இருக்குன்னு."

பாலிஷ்காரர் கையில் இருந்த கவளத்தைக் கீழே வைத்தார்.

"வியாழக்கிழமை வரைக்கும் அத விட்டு வையுங்க தம்பி. அந்த மேடம் முன்னாடி அந்தக் காசப் போட்டுக் காட்டி, நேத்துச் சொன்னத அப்படியே சொல்லுங்க. எனக்கு அது போதும்."

தொழிலுக்கு வந்த முப்பது வருஷத்தில் அவர் பேச்சை யாரும் சாட்சியாகக் கேட்டதில்லை. அவருக்கு நெஞ்சு விரிந்தது. "இருக்கும்க்கா. நான் சொல்றேன். பட்டைய வெச்சு, காசப் போட்டு, அந்தம்மாவையே தொட்டுப் பாக்கச் சொல்றேன்," என்றார். அவர் மனைவி மட்டும் படுக்கையறைப் பக்கம் பார்த்தாள். பிறகு, "குழிய நான் அடைச்சிட்டேனேக்கா," என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும், நீ உன் வேலையச் செஞ்சே," என்று அக்கா அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

சாயங்காலம் சின்னவர் திரும்பி வந்ததும், நாளைக்குக் காலையில் சமையலறைப் பக்கத்தை முடித்துவிடுங்கள் என்றார். பாலிஷ்காரர் தொழில் காரணம் சொன்னார். சேறு சமையலறைப் பக்கம்தான் ஓடும், மற்ற இடத்தை முடித்துவிட்டுக் கடைசியில் அங்கே வருவதுதான் முறை, சமையலறைப் பக்கம் வெள்ளிக்கிழமைதான் வரும் என்றார். சின்னவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"புரியுது. ஆனா நாளைக்கே முடிச்சிடுங்க," என்றார். "மூணாவது மாடில ஒருத்தர் ரொம்ப ஆர்வமா இருக்காரு. வியாழக்கிழமை வந்து பாக்கச் சொல்லியிருக்கேன். அவர் பாத்து நல்லா இருக்குன்னா மத்தவங்க தானா வருவாங்க. உங்களுக்காகத்தான் சொல்றேன்." குரலை உயர்த்தவே இல்லை.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வழி யோசித்தார்கள். தேய்ந்து போன பழைய தட்டு ஒன்று பையில் கிடந்தது. அதைப் பூட்டி, மெஷினை மேலோட்டமாகத் தடவுவது போல ஓட்டினால் கல் வெளுக்கும், பளபளப்பு வரும், பள்ளம் அப்படியே இருக்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு வேலை முடிந்தது போலவே தெரியும். மேடம் வந்து போன பிறகு வெள்ளிக்கிழமை உண்மையான வேலையைச் செய்துகொள்ளலாம்.

"அழுத்தாதீங்க," என்றாள் அவள். "உங்க கை சும்மா இருக்காது. சொல்லிட்டேன்."

"எனக்குத் தெரியாதா?"

புதன்கிழமை காலை அக்காவை ஏதோ காகித வேலையாக வங்கிக்கு அனுப்பிவிட்டு, சின்னவர் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பாலிஷ்காரர் பழைய தட்டைப் பூட்டினார். மனைவி சமையலறைக்குள்ளே கைமெஷினோடு மூலைகளில் குனிந்தாள். அவர் சமையலறை வாசலில் மெஷினை இறக்கி, கைப்பிடியைப் பிடித்தும் பிடிக்காமலும் ஓட்ட ஆரம்பித்தார்.

முதல் அரை மணி நேரம் அப்படித்தான் போயிற்று. அவர் மனசு வியாழக்கிழமையில் இருந்தது. மேடத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டு எங்கே ஆரம்பிப்பது? முதலில் பட்டையை வைப்பதா, முதலில் பேசுவதா? மேடம், எனக்குப் படிப்பு கிடையாது, ஆனா முப்பது வருஷமா தரைதான் என் புத்தகம். இல்லை, அது கொஞ்சம் அதிகம். மேடம், இந்த எடத்துல குனிஞ்சு பாருங்க. அது நன்றாக இருந்தது. வெறுங்காலுக்கும் ஷூவுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். கையில் பாரம் என்று எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. ஒவ்வொரு கேள்வியாக அவரே கேட்டு, அவரே பதில் சொல்லி, சொன்ன பதிலைத் திருத்தி மறுபடி சொன்னார்.

தரையை அவர் கண்ணால் பார்த்து ஓட்டுவதில்லை, காதால் கேட்டுத்தான் ஓட்டுவார். தட்டு பள்ளத்தைத் தாண்டும்போது மெஷின் சத்தம் கொஞ்சம் வெற்றுப் பானையில் ஒலிப்பது போல மாறும். அந்தச் சத்தம் வந்தால் அவருடைய இடுப்பு தானாக முன்னால் சாயும், தோள் தானாக இறங்கும், சத்தம் ஒரே சீராக வரும்வரை கை விடாது. தட்டு மழுங்கியதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் அழுத்தும். பசிக்கிற பிள்ளை அழுதால் தாய் கை தானாகத் தொட்டிலை ஆட்டுவது போலத்தான் அது. அவர் மேடத்தின் பத்தாவது கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது எங்கோ ஒரு கணத்தில் இடுப்பு சாய்ந்தது. பழைய தட்டு கல்லைத் தேய்க்கவில்லை என்று எப்போது புதுத் தட்டை எடுத்து மாட்டினார் என்பதுகூட அவருக்கு நினைவில்லை. மாற்றியிருந்தார்.

மனைவி சமையலறை மூலைகளை முடித்துக்கொண்டு, வைப்பரோடு வெளியே வந்தாள். சேற்றை ஒரு இழுப்பு இழுத்தாள். தண்ணீர் தேங்காமல், ஒரு சொட்டு நிற்காமல், ஒரே தகடாக நகர்ந்து போயிற்று.

அவள் மெஷின் வயரைப் பிடுங்கினாள். அந்தத் திடீர் அமைதியில் அவர் நிமிர்ந்தார்.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க," என்றாள் தாழ்ந்த குரலில்.

அவர் பட்டையை எடுத்து வைத்தார். வெளிச்சம் தெரியவில்லை. பட்டையை நகர்த்தினார், திருப்பினார், முட்டி வலிக்க மண்டியிட்டு, கன்னம் தரையில் படும்படி குனிந்து பார்த்தார். நாணயத்தை எடுத்தார். போகவில்லை. சட்டைப் பையிலிருந்த பஸ் சீட்டை நுழைத்துப் பார்த்தார். அதுவும் போகவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை அவர் பல வருஷத்தில் செய்ததில்லை.

"ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார் சின்னவர், நாற்காலியில் இருந்தபடியே.

"இல்ல சார். மட்டம் பாக்கறேன்."

அக்கா மூன்று மணிக்கு வந்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தவள் கூடத்தின் நடுவில் நின்றாள். பாலிஷ்காரர் பட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "கை... தெரியாம... வேணும்னு பண்ணலக்கா," என்றார். சொன்னது அவருக்கே நம்பும்படியாக இல்லை. அவர் மனைவி சேற்று வாளியைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

அக்கா தரையை வெகுநேரம் பார்த்தாள். "சாப்டீங்களா ரெண்டு பேரும்?" என்றாள். பிறகு சமையலறைக்குப் போகும் வழியில் அவர் பக்கத்தில் நின்று, "பள்ளம் போனா போகுது தம்பி. நீங்க சொல்லுங்க. தொழில் தெரிஞ்ச ஆளு வாயால சொன்னா அந்த மேடம் எழுதிக்குவாங்க," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். அன்று பஸ்ஸை விட்டு இறங்கும்போது மனைவி, "நாளைக்காவது நெஞ்ச நிமித்திச் சொல்லுங்க," என்றாள். "சொல்லாம?" என்றார் அவர்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அந்த மேடம் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. தோள் பையில் கோப்புகள் பிதுங்கின. இதற்குப் பிறகு இன்னும் நாலு வீடு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஷூவைக் கழற்றினார். அவர் வந்த அதே நேரத்தில் மூன்றாம் மாடிக்காரரும் தரை பார்க்க வந்து சேர்ந்தார். இரண்டு பேரையும் சின்னவர் ஒரே மரியாதையோடு உள்ளே அழைத்தார்.

தரை குளம் போலக் கிடந்தது. ஜன்னல் முழுசாக அதில் தலைகீழாகத் தெரிந்தது. மூன்றாம் மாடிக்காரர் கால் வைக்கத் தயங்கினார். "இது அந்தப் பழைய தரைதானா?" என்று பாலிஷ்காரரைப் பார்த்துச் சிரித்தார். பாலிஷ்காரர் பதிலுக்குச் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வெட்கப்பட்டார்.

அக்கா மேடத்தை அழைத்துக்கொண்டு போய்ச் சமையலறை வாசலில் நிறுத்தினாள். "இங்கதான் மேடம். இங்கேருந்து அந்த ரூம் வரைக்கும். என் காலு நடந்த தடம்."

மேடம் குனிந்து பார்த்தார். தம் முகம்தான் தெரிந்தது.

"இங்க என்ன இருக்கு?"

"இருந்துச்சு மேடம். நேத்து எடுத்துட்டாங்க."

பாலிஷ்காரரின் மனைவி போனை நீட்டினாள். திங்கட்கிழமை எடுத்த படம். மேடம் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். வெள்ளைத் தரை, ஜன்னல் வெளிச்சம். பள்ளம் எதுவும் படத்தில் தெரியவில்லை. "நாலு குழிகூட இருந்துச்சு மேடம், ஸ்டூல் காலு, அந்த ரூம்ல," என்று அவள் படுக்கையறைக்கு அழைத்துப் போய்க் குனிந்து தேடினாள். இங்கே என்றாள், இல்லை, இங்கே என்றாள். அவள் அடைத்த இடம் அவளுக்கே அகப்படவில்லை.

கூடத்துக்குத் திரும்பி வந்து மேடம் பேனாவைத் திறந்தார். "பாலிஷ் போட்டது நீங்கதானே? இவங்க சொல்ற பள்ளம் இருந்துச்சா?"

"இருந்துச்சு மேடம்."

அக்காவின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"எத்தனை வருஷத்துப் பள்ளம்? நீங்க சொன்னீங்களாமே, பாத்தே சொல்ல முடியும்னு."

மேடம், இந்த எடத்துல குனிஞ்சு பாருங்க. அதுதான் முதல் வரி. குனிந்து பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. சின்னவர் அவரைப் பார்க்கவே இல்லை. மூன்றாம் மாடிக்காரரின் தோளில் லேசாகக் கைவைத்து, ஓரத்து வேலையைக் காட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வீடு. ஒரு வீட்டுக்கு ஐந்து நாள். பாலிஷ்காரரின் முட்டி உள்ளே சுருக் என்றது.

"அது வந்து... தரையப் பாத்து வருஷமெல்லாம் சொல்ல முடியாதுங்க மேடம்," என்றார். தம் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. மேடம் எழுதாமல் காத்திருந்ததால், மேற்கொண்டு ஏதாவது சொல்ல வேண்டும் போலத் தோன்றிச் சொன்னார். "கல்லு மிருதுவா இருந்தா அஞ்சு வருஷத்துலயும் விழும்."

"பொய்," என்றாள் அவர் மனைவி. "முப்பது வருஷம்னு திங்கக்கிழமை இவரேதான் மேடம் சொன்னாரு. இதே எடத்துல, காசப் போட்டுக் காட்டி. இந்த சார் முன்னாடிதான் சொன்னாரு."

"நீங்க யாரு?"

"மூலை தேய்க்கறவ. இவரு சம்சாரம்."

மேடம் பாலிஷ்காரர் பக்கம் திரும்பினார். "சொன்னீங்களா?"

"அது சும்மா... வேலை பிடிக்கறதுக்காக எல்லார்கிட்டயும் அப்படி ஏதாவது சொல்றதுதான் மேடம்."

மேடம் ஒரு பெருமூச்சு விட்டார். அவருக்கும் அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. "நான் கண்ணால பாக்கறதத்தான் எழுத முடியும்மா," என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, நின்றபடியே இரண்டு வரி எழுதினார். பேனாவை மூடினார்.

"அக்கா," என்றார் சின்னவர் மெதுவாக. "மேடம் வெயில்ல வந்திருக்காங்க. டீ குடுங்களேன். இவருக்கும்."

அக்கா உள்ளே போனாள். அடுப்புப் பற்றும் சத்தம், பாத்திரச் சத்தம் கேட்டது. பாலிஷ்காரரின் மனைவி அவரிடமிருந்து நாலடி தள்ளிப் போய், துடைத்த பட்டையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

அக்கா தட்டோடு வெளியே வந்தாள். மூன்று டம்ளர், விளிம்புவரை. வழக்கம்போல எதிரே ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். வாசலைத் தாண்டியதும் அவளுடைய வலது கால் கீழே இறங்கப் போயிற்று. இறங்க அங்கே இடம் இல்லை. கல் முந்திக்கொண்டு வந்து பாதத்தில் மோதியது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, தட்டு சரிந்து, மூன்று டம்ளரும் தரையில் விழுந்து உருண்டன.

"ஐயோ, வெள்ளைக் கல்லு. கறை பிடிச்சிடும், சீக்கிரம்," என்றார் சின்னவர்.

அக்கா ஏற்கெனவே மண்டியிட்டிருந்தாள். புடவைத் தலைப்பை உருவி டீயை ஒற்றி ஒற்றி எடுத்தாள். பாலிஷ்காரரின் மனைவி துணியோடு ஓடிப் போய் எதிரில் மண்டியிட்டாள். அக்கா துடைத்துக்கொண்டே மேடத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"இத்தனை வருஷத்துல ஒரு சொட்டு சிந்தினதில்ல மேடம்," என்றாள்.

மேடம் ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தார். "பரவாயில்லம்மா, எனக்கு டீ வேண்டாம்," என்றார்.

மூன்றாம் மாடிக்காரர் ஈரத்தைச் சுற்றி நுனிக்காலில் நடந்து வந்தார். துடைத்து முடித்த இடத்தில் குனிந்து, கறை ஏதும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு பாலிஷ்காரரிடம், "எங்க வீட்ல எப்ப ஆரம்பிக்கறீங்க?" என்று கேட்டார்.